அலைக்கு அலை முரண்டு பிடிக்கும் சப் போர்டு: கோளாறை வைத்துப் பலகையைத் தேர்வது

நின்றபடி துடுப்பு போட்டு அலையேறும் சப் போர்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை அடி அலைக்கு எத்தனை அடி போர்டு?" என்பதுதான். உயரத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அலை எவ்வளவு செங்குத்தாக எழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் அலை, தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையத் தொடங்கும். கடலடி மெல்ல மெல்ல மேடாகும் இடத்தில் அது சாய்வாக உருண்டு வரும். மெரினா போலச் சட்டென்று ஆழம் குறையும் கரையில் எழுந்து நின்று படாரென்று கவிழும். இரண்டும் இடுப்பளவு அலைதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே பலகை சரிவராது.

அதனால் இந்தக் குறிப்பை அலையளவு வாரியாக எழுதாமல், தண்ணீரில் உங்களுக்கு வரும் தொல்லை வாரியாக எழுதியிருக்கிறேன். நான் அதிகம் பார்க்கும் அலை, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்து அலை. இலங்கையின் அருகம் குடா போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு

கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ. நீங்கள் 75 கிலோ, போர்டு 9 கிலோ என்றால் மொத்தம் 84 கிலோ. அதை மிதக்க வைக்க 82 லிட்டர் போதும். ஆனால் 82 லிட்டர் போர்டில் நீங்கள் நின்றால் பலகை முழுதும் தண்ணீருக்குள் அமுங்கியிருக்கும், வேகம் இருந்தால்தான் மேலே வரும். கைதேர்ந்தவர்கள் அதைச் சமாளிப்பார்கள். மற்றவர்களுக்கு முடியாது.

நடைமுறையில் புதியவருக்கு உடல் எடையைப் போல 1.7 முதல் 2 மடங்கு லிட்டர் வேண்டும். அலை பிடிக்கப் பழகியவருக்கு 1.3 முதல் 1.5 மடங்கு போதும். நன்றாகத் தேறியவருக்கு 1 முதல் 1.2 மடங்கு. 75 கிலோ ஆளுக்கு இது முறையே 130 முதல் 150, 100 முதல் 112, 75 முதல் 90 லிட்டர் என்று வரும். இதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே 120 லிட்டரை நீளமாகவும் ஒடுக்கமாகவும் செய்யலாம், குட்டையாகவும் அகலமாகவும் செய்யலாம். இரண்டும் தண்ணீரில் வேறு வேறு ஆட்களைப் போல நடந்துகொள்ளும்.

அப்புறம் இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபின் (போர்டின் அடியில் வாலருகே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு), கால் வைக்கும் இடம், துடுப்பின் நீளம், கடைசியில் போர்டு. செலவில்லாததில் தொடங்கி மேலே போவதுதான் வரிசை.

"அலை வருவதற்குள்ளேயே விழுந்துவிடுகிறேன்"

காலையில் சமாளித்து நிற்கிறீர்கள், பதினோரு மணிக்கு மேல் நிற்கவே முடியவில்லை என்றால் போர்டைக் குறை சொல்லாதீர்கள். கோவளத்தில் தென்மேற்குப் பருவ மாதங்களில் காலையில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், நீர்ப்பரப்பு வழவழவென்று இருக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பி, சின்னச் சின்னச் சிற்றலைகளைப் பக்கவாட்டில் கிளப்பிவிடும். காலையில் போதுமாக இருந்த 29 அங்குல அகலம் மதியம் போதாது. நேரத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாதவர்களுக்கு அகலமான போர்டுதான் வழி.

காலையிலேயே விழுகிறீர்கள் என்றால், யாரையாவது கரையில் நிற்க வைத்து நீங்கள் போர்டில் நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நீர்மட்டம் ரெயிலின், அதாவது பலகை விளிம்பின், எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விளிம்பு முழுதும் மூழ்கி, பலகையின் மேற்பரப்பில் தண்ணீர் புரண்டால் லிட்டர் போதவில்லை. வால் மட்டும் மூழ்கி மூக்கு தூக்கியிருந்தால் நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள், தூக்கும் கைப்பிடிக் குழி இரு பாதங்களுக்கும் நடுவில் வரும்படி முன்னே வாருங்கள். விளிம்பு நன்றாக மேலே இருந்தும் ஆட்டம் காண்கிறது என்றால்தான் கோளாறு போர்டின் வடிவத்தில்.

இந்தக் கடைசி வகைதான் பலரை ஏமாற்றுகிறது. லிட்டர் ஏறினால் நிலைத்தன்மை ஏறும் என்று நினைத்து, 5 அங்குலத் தடிமன் உள்ள போர்டை வாங்கிவிடுவார்கள். தடிமன் கூடினால் நீங்கள் தண்ணீருக்கு மேலே இன்னும் உயரத்தில் நிற்கிறீர்கள், ஆட்டம் அதிகமாகத்தான் ஆகும். நிற்க வைப்பது அகலம். அதிலும் நடுவில் மட்டும் அகலமாக இருந்தால் போதாது, மூக்கிலிருந்து ஓரடி உள்ளேயும் வாலிலிருந்து ஓரடி உள்ளேயும் அகலம் குறையாமல் இருக்க வேண்டும். 30 அங்குலம் என்று எழுதியிருக்கும் இரண்டு போர்டுகளில் ஒன்று கூர்மூக்காகவும் மற்றது வட்டமூக்காகவும் இருந்தால், வட்டமூக்கே தொடங்குபவருக்கு நல்லது. மேற்பரப்பு நடுவில் புடைத்திருக்கும் போர்டை விட்டுவிட்டு, தட்டையாக அல்லது சற்றுக் குழிந்து இருப்பதைப் பாருங்கள். 75 கிலோ எடையுள்ள புதியவர் 10 அடி நீளம், 32 அங்குல அகலம், 4.25 அங்குலத் தடிமன் போல ஒன்றில் தொடங்கினால் முழங்கால் அலையிலிருந்து இடுப்பளவு வரை நிம்மதியாகப் பழகலாம்.

"துடுப்பு போட்டும் அலை அடியில் நழுவிப் போய்விடுகிறது"

முழங்கால், இடுப்பளவு அலையில் இது வரும். அலை நல்ல சாய்வாக வந்து, நீங்கள் நாலைந்து முறை துடுப்பு வலித்தும் போர்டு முன்னே விழாமல் நின்றுவிடும்.

முதலில் உங்கள் வாலைத் திரும்பிப் பாருங்கள். பின்னால் தண்ணீர் சுழித்துக் குமிழியிட்டால் வால் இழுக்கிறது என்று பொருள். அலை தூக்கும் நேரத்தில் பாதி அடி முன்னே நகர்ந்து, அலை பிடிபட்டதும் பின்னங்காலைப் பின்னே கொண்டுபோங்கள். இது பழக்கத்தில் வரும், காசு வேண்டாம்.

அதிலும் சரியாகவில்லை என்றால் போர்டைத் தரையில் குப்புறப் போட்டு, மூக்கு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பாருங்கள். இந்த வளைவுக்கு ராக்கர் என்று பெயர். வாழைப்பழம் போல வளைந்த போர்டு செங்குத்தான அலைக்குச் செய்யப்பட்டது. சோம்பலான அலையில் அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், வழுக்கிப் போகாது. சிறிய அலைக்கு வேண்டியது அடிப்பகுதி நீளத்துக்கும் தட்டையாக, வால் அகலமாக, தேவைப்பட்டால் மூக்கும் அகலமாக இருக்கும் போர்டு. அகன்ற வால் அலையின் சின்னத் தள்ளலையும் பிடித்துக்கொள்ளும்.

நீளம் இங்கே இரண்டு வழிக்கும் வேலை செய்யும். 9 அடி 6 அங்குலத்துக்கு மேலான போர்டு, அலை உடைவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடும், நிதானமாக நீண்ட தூரம் கொண்டுபோகும். ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்கு ஆசிரியர்கள் 1960களில் நீளமான பலகைகளில் எழுந்து நின்று துடுப்பு போட்டதும் இப்படிப்பட்ட சாய்வான, நீண்ட அலைகளில்தான். அருகம் குடாவில் பேபி பாயிண்ட் பக்கம் போகிறவர்கள் அந்த நீளத்தோடு போவது நல்லது. ஏற்கெனவே தேறியவர்கள் 7 அடி 8 அங்குலம் போலக் குட்டையான, 30 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள, தட்டையான போர்டை எடுத்தால் அதே சின்ன அலையில் நன்றாகத் திருப்பி விளையாடலாம். குட்டையான, ஒடுக்கமான, வளைந்த போர்டை மட்டும் சின்ன அலைக்கு வாங்காதீர்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், அலையில் மண்டியிட்டுவிடும்.

"மூக்கு தண்ணீரில் குத்தி என்னைத் தூக்கி எறிகிறது"

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபடுவது பெரும்பாலும் இதில்தான். சப் போர்டு கனமானது. மூக்கு குத்தி நின்று பிறகு விடுபடும்போது அது எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது.

மூக்கு குத்துவதற்கு மூன்று காரணங்கள். எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க, அலையின் எந்தக் கட்டத்தில் குத்துகிறது என்று கவனியுங்கள்.

அலை பிடிபட்ட உடனே, நீங்கள் இன்னும் உச்சியில் இருக்கும்போதே மூக்கு கீழே போனால் நீங்கள் முன்னால் நிற்கிறீர்கள். கடைசியாகத் துடுப்பு வலிக்கும்போது பின்னங்காலை வாலின் பிடிப்புத் திண்டுக்குக் கொண்டுபோய், முன்னங்காலையும் பின்னங்காலையும் பலகைக்குக் குறுக்காக வையுங்கள். பாதங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நேராக இருந்தால் எந்தப் போர்டிலும் குத்தும்.

பாதி இறங்கிய பிறகு, அடிவாரத்தில் தட்டை நீரைத் தொடும்போது குத்தினால் காரணம் ராக்கர். தட்டையான நீளப் போர்டின் மூக்கு, அலையின் முகத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையிலான வளைவுக்குள் பொருந்தாமல் நேராகப் போய்ச் செருகிக்கொள்கிறது. இங்கே கால் மாற்றிப் பயனில்லை. ஒன்று, நேராக இறங்காமல் தொடக்கத்திலேயே அலை போகும் பக்கம் சாய்வாக இறங்க வேண்டும். கோவளம் முனையிலும் அருகம் குடாவின் பெரிய முனையிலும் அலை வலப்பக்கம் ஓடும், அதாவது அலையேறுபவரின் வலப்பக்கம். மூக்கை முன்கூட்டியே அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பிடித்தாலே பாதிக் குத்தல் நின்றுவிடும். அதற்கும் மேல் என்றால் 9 அடிக்குக் கீழே, மூக்கு வளைவு கூடுதலாக உள்ள போர்டுக்கு மாறுங்கள்.

மூன்றாவது, எல்லாக் கட்டத்திலும் குத்துகிறது, அலையும் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் கவிழ்ந்து மூடுகிறது என்றால் பிரச்சினை இடம். கரைமோதும் அலையில் சப் போர்டு வேண்டாம். முழங்காலளவுத் தண்ணீரில் கவிழும் அலை சின்னதாகத் தெரியும், ஆனால் மணலில் தலை மோதினால் கழுத்தெலும்பு போகும். எந்தப் போர்டாலும் சரிசெய்ய முடியாத கோளாறு இது ஒன்றுதான்.

"திருப்பவே வரவில்லை, நேராகத்தான் போகிறது"

ஃபினைப் பாருங்கள். வாடகைக்குக் கொடுக்கும் போர்டுகளில் பெரும்பாலும் 9 அல்லது 10 அங்குல ஒற்றை ஃபின் இருக்கும். அமைதியான நீரில் நேராகப் போக அது நல்லது, அலையில் திரும்ப விடாது. நடுவில் 6 அல்லது 7 அங்குலமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய ஃபின்களும் மாட்டிப் பாருங்கள். நடு ஃபின் ஒரு நீளமான பள்ளத்தில் சின்னத் தகடும் திருகும் வைத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். திருகைத் தளர்த்தி ஃபினை ஓர் அங்குலம் முன்னே தள்ளி இறுக்குங்கள். வேறு போர்டில் ஏறியதுபோல இருக்கும். முன்னே தள்ளினால் சீக்கிரம் திரும்பும், பின்னே தள்ளினால் பிடிப்பு கூடும். அந்தச் சின்னத் தகடும் திருகும் மணலில் விழுந்தால் கிடைக்காது என்பதால் இதைத் துண்டு விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள்.

துடுப்பும் இதில் சேர்த்தி. அமைதி நீரில் துடுப்பு உங்கள் உயரத்தைவிட 8 அல்லது 10 அங்குலம் நீளமாக இருக்கலாம். அலையில் குனிந்து நிற்கிறீர்கள், அதனால் உங்கள் உயரமோ அதைவிட 4 அங்குலம் கூடுதலாகவோ போதும். நீளத் துடுப்பு உங்களை நிமிர வைத்துவிடும், நிமிர்ந்தவரால் திருப்ப முடியாது.

இவ்வளவும் செய்து, பின்னங்காலும் ஃபினுக்கு நேர் மேலே இருந்து, இன்னும் திரும்பவில்லை என்றால் அப்போது போர்டு பெரிதுதான். நீளத்தில் ஆறு அங்குலமும் லிட்டரில் பத்துப் பதினைந்தும் குறையுங்கள். ஒரே தாவலில் 10 அடியிலிருந்து 8 அடிக்கு இறங்குகிறவர்கள் மறுபடி முதல் கோளாறில் போய் நிற்பார்கள்.

"பெரிய அலையில் வால் வழுக்குகிறது, பலகை தடதடக்கிறது"

தலையளவுக்கு மேல் போனதும் வேகம் கூடுகிறது. சின்ன அலையில் உங்களுக்கு உதவிய அகன்ற வால் இப்போது எதிரியாகிவிடும். அகலமான வால் வேகத்தில் மேலே மேலே தூக்கிக்கொள்ளும், விளிம்பை அலைச்சுவரில் அழுத்திப் பதிக்கவே முடியாது. தடித்த, பெட்டி போன்ற விளிம்பும் அப்படித்தான்.

பெரிய அலைக்குக் கூர்வால் அல்லது வட்டக்கூர் வால், வாலுக்கு அருகே மெலிந்த விளிம்பு, 27 முதல் 29 அங்குல அகலம் என்று போக வேண்டும். ஹவாயின் ஒஹாகு தீவில் உள்ள சன்செட் பீச் போன்ற கனமான அலைகளில் பயன்படும் போர்டுகளில் இந்தக் கூர்வாலைப் பார்க்கலாம். இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: பெரிய அலைக்கு மிகக் குட்டையான போர்டு என்று நினைக்கிறார்கள். பெரிய அலை வேகமாக ஓடும், அதை முன்கூட்டியே பிடிக்கக் கொஞ்சம் நீளம் வேண்டும். தலையளவு வரை 8 அடி 6 அங்குலத்தில் திரிபவர், அதற்கு மேல் 9 அடிக்கு ஏறுவதில் தவறே இல்லை. குறைய வேண்டியது அகலம்.

ஃபினில், மூன்று ஃபின்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் அமைப்பு திரும்பும்போது நம்பிக்கை தரும். நான்கு ஃபின் அமைப்பு நேர்கோட்டில் வேகமாகப் போகும், சுவரைப் பிடித்துக்கொள்ளும். வழுக்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது நடு ஃபினைப் பின்னே தள்ளிப் பார்க்கத்தான்.

வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம் கரையில் வரும் பெரிய அலைக்கு இதையெல்லாம் அப்படியே பொருத்த வேண்டாம். கொண்டல் காற்று கடலிலிருந்து அடித்து அலையைக் குதறிப்போடும், உயரம் இருக்கும், சுவர் இருக்காது. அந்த அலையில் ஒடுக்கமான போர்டு எடுத்தால் நிற்க முடியாது. நடுத்தர அகலமும் கொஞ்சம் கனமுமான போர்டுதான் தடதடப்பை வாங்கிக்கொள்ளும். புயல் எச்சரிக்கை இருந்தால் எந்தப் போர்டும் வேண்டாம், மீனவர்கள் படகை மேலே ஏற்றிவிட்டார்கள் என்றால் நீங்களும் ஏற்றிவிடுங்கள்.

"அலையைத் தாண்டி உள்ளேயே போக முடியவில்லை"

படுத்துப் போகும் சர்ஃப் போர்டைப் போல 150 லிட்டர் பலகையை அலைக்கு அடியில் அமுக்கிப் போக முடியாது. நுரை உங்களை அப்படியே கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். லிட்டர் கூடக் கூட இந்தத் தண்டனை கூடும். பெரிய அலை நாளில் பெரிய போர்டு எடுத்துப் போவது பாதுகாப்பு என்று எண்ணுபவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

கரையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓயும், நடுவில் இடைவெளி வரும். அந்த இடைவெளியில், அலை உடையாத ஓரமாக, மண்டியிட்டாவது போங்கள். நுரையை நேர்கொண்டு சந்திக்க வேண்டும் என்றால் ஒரு கால் பின்னே, மூக்கைச் சற்றுத் தூக்கி, அலை தொடும் கணத்தில் துடுப்பை அதன் மேல் எட்டி ஊன்றி இழுங்கள்.

போர்டைக் காலோடு கட்டும் கயிறான லீஷ் சுருள் வகையாக இருந்தால் அலைக்குக் கொண்டுவராதீர்கள். நீண்டு சுருங்கி, போர்டை உங்கள் மேலேயே திருப்பி எறியும். நேரான லீஷ், போர்டின் நீளமோ சற்று அதிகமோ, தலையளவுக்கு மேல் 8 மில்லிமீட்டர் தடிமன். பின்னால் ஆள் இருக்கும்போது போர்டை விட்டுவிட்டுக் குதிக்காதீர்கள், போர்டு, லீஷ் இரண்டின் நீளமும் சேர்ந்து இருபது அடிக்கு எட்டும். பிடித்து நிறுத்த முடியாத அளவு பெரிய போர்டு என்றால் ஆள் இல்லாத இடத்துக்குப் போங்கள். எளிதில் அலை பிடிக்கிறது என்பதற்காக எல்லா அலையையும் நீங்களே எடுப்பதும் வேண்டாம். படுத்துக் காத்திருப்பவர்களுக்கும் அலை வேண்டும்.

"காற்றடைக்கும் போர்டு அலையில் வளைகிறது"

6 அங்குலத் தடிமன், உருண்ட விளிம்பு. அலைச்சுவரில் அது பதியாது. அழுத்தம் 15 பிஎஸ்ஐ இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் போர்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். முழங்காலளவு அலையில் பழகப் போதும், விழுந்தாலும் அடி குறைவு. அதற்கு மேல் கெட்டிப் போர்டுதான்.

"போன மாதம் வரை நன்றாக இருந்தது, இப்போது மந்தமாகிவிட்டது"

எடை போடுங்கள். வீட்டு எடைமேடையில் போர்டோடு ஒருமுறை, போர்டில்லாமல் ஒருமுறை ஏறி, வித்தியாசத்தைப் பாருங்கள். வாங்கியபோது இருந்ததைவிட அரை கிலோ கூடியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஃபின் பள்ளத்தைச் சுற்றியும், வாலின் முனையிலும், துடுப்பு மோதும் விளிம்பிலும் விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல்கூடப் போதும். சந்தேகம் உள்ள இடத்தில் சோப்பு நீர் தடவி, போர்டை நிழலிலிருந்து கொஞ்ச நேரம் இளவெயிலுக்குக் கொண்டுவந்தால் உள்ளே காற்று விரிந்து விரிசலில் குமிழி விடும். அதற்கு முன், போர்டின் உள்காற்றை வெளியே விடும் காற்றுத் திருகை மூடியிருக்க வேண்டும், பார்த்து முடித்ததும் நிழலுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

மேற்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்தும்போது ஓரிடம் மெத்தென்று அமுங்கி எழுந்தால் மேல்தோல் உள்தெர்மாகோலை விட்டுப் பிரிந்திருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் மேல் கட்டி வைத்த போர்டுகளுக்கு, அதிலும் கறுப்பு உறையில் இருந்தவற்றுக்கு, நம் ஊர் மே மாதத்தில் இது வரும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது எபாக்சி பிசின்தான் போட வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். படகுகளுக்குப் பூசும் பாலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன், தெர்மாகோலைக் கரைத்துவிடும். பூசுவதற்கு முன் விரிசல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி போர்டை நிழலில் சாய்த்து வைத்து, தண்ணீர் சொட்டுவது முழுதாக நிற்கும் வரை காய விட வேண்டும், வாரக்கணக்கில் ஆனாலும் சரி. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அடுத்த வெயிலில் அந்த இடமே புடைத்துக்கொண்டு வரும்.